பங்கும் வினையும்

தன் கையால் செய்யாத ஒரு தொழிலின் பலனை, அத்தொழில் நடக்கும் இடத்தைக் கண்ணால் காணாமலும், அதில் உழைப்பவர் ஒருவரின் பெயரைக்கூட அறியாமலும், பணம் கொடுத்தோம் என்ற ஒரே பாத்தியதையினால் ஒருவன் அனுபவிப்பது தர்மத்துக்கு ஒத்ததுதானா என்ற கேள்வி, கூட்டுப்பங்கு ஸ்தாபனங்கள் ஏற்பட்ட காலந்தொட்டு இருந்துவருவதே ஆயினும், நம்முடைய சமயவாதிகள் அதைப் பெரும்பாலும் தரகர்களின் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்கள். வட்டியைப் பற்றி விசாரிக்காத மதம் இல்லை. சூதைக் கண்டிக்காத நீதிநூல் அபூர்வம். பங்கு என்பதோ இவ்விரண்டின் சாயலும் உடையதாய், ஆனால் இரண்டில் எதுவும் ஆகாததாய் இருப்பதால், இரு சபைகளிலும் விசாரிக்கப்படாமல் தப்பி வந்திருக்கிறது.

இந்த விசாரணையைத் தொடங்குவதற்கு ஊரிகத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்று நான் சொன்னால், சொந்த ஊர் அபிமானம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். இங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தம் பெயரையே எழுதத் தெரியாதிருந்த காலத்தில், இவ்வூரின் பெயர் லண்டன் மாநகரத்துப் பங்குப் பட்டியலில் அச்சாகிக்கொண்டிருந்தது. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று கோலார் தங்கவயலின் நான்கு பெரிய சுரங்கங்களும் நான்கு கம்பெனிகளாய், ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஒரே நிர்வாகத்தின் கீழ், கடலுக்கு அப்பாலிருந்த பங்குதாரர்களுக்காக நடத்தப்பட்டன. இன்றைக்கு அதே ஊர்ப் பிள்ளைகள், மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போகும் விடியற்காலை ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றபடியே, கைப்பேசியில் பங்கு வாங்குகிறார்கள், விற்கிறார்கள். ‘மாமா, ராக்கெட் கம்பெனி ஷேர் வாங்கிப் போடலாமா? பாவ புண்ணியம் கேக்கல, பணம் தேறுமான்னுதான் கேக்கறேன்’ என்று அவர்களில் ஒருவன் என்னிடம் கேட்டான். பணம் தேறுமா என்பது நான் பயிலாத வித்தை. அவன் வேண்டாமென்று ஒதுக்கியதுதான் என் விஷயம்.

முதலில் அந்த வியாபாரத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வானவெளித் தொழிலில் தனியாருக்கு இடமளித்து அவர்களுக்கு அனுமதி வழங்கும் இன்ஸ்பேஸ் என்ற அமைப்பை 2020-ல் மத்திய அரசு ஏற்படுத்தியது. 2023-ல் இந்திய விண்வெளிக் கொள்கை வெளியாயிற்று. 2024-ல் அந்நிய மூலதனத்துக்கும் கதவு திறந்தது. சென்னை ஐஐடியின் நிழலில் 2017-ல் பிறந்த அக்னிகுல் காஸ்மோஸ், ஸ்ரீஹரிகோட்டாவில் தனக்கென ஒரு ஏவுதளத்தையே அமைத்துக்கொண்டு, பலமுறை ஒத்திப்போட்ட பின்னர் 2024 மே 30-ஆம் தேதி தன் சோதனை ராக்கெட்டை ஏவியது. அதன் இயந்திரம் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்க்கப்பட்டது என்பதைக் கேட்டபோது, துரப்பணக் கருவிகளின் இரைச்சலில் வளர்ந்த எங்களுக்கு உண்டான ஆச்சரியத்தை வர்ணிக்க முடியாது. ஹைதராபாத்தின் ஸ்கைரூட் அதற்கு முன்பே, 2022 நவம்பரில், விக்ரம்-எஸ் என்னும் ராக்கெட்டை அனுப்பியிருந்தது. இவற்றின் பங்குகள் சந்தையில் சாமானியனுக்குக் கிடைப்பவை அல்ல. அவன் வாங்கக்கூடியது ராக்கெட் பாகங்களைச் செய்து தரும் பெரிய கம்பெனிகளின் பங்குகளை. ஆனால் தர்ம விசாரணைக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல.

இனி, தங்கவயலின் கதையில் பங்குதாரன் வகித்த பாத்திரத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஏனென்றால் அவனை வெறும் உறிஞ்சுபவனாகச் சித்திரிப்பது எங்கள் ஊர் மேடைகளில் சுலபமாகக் கைதட்டல் வாங்கித் தரும் காரியம், ஆனால் உண்மையில் பாதிதான். மைக்கேல் லவேல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் 1873-ல் மைசூர் சமஸ்தானத்திடம் விண்ணப்பித்துச் சுரங்க உரிமை பெற்றார். 1880-ல் டெய்லர் நிர்வாகத்தில் தொடங்கிய மைசூர் கம்பெனி, நாலைந்து வருஷம் தோண்டியும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் காணாமல், மூலதனம் கரைந்து, பங்கின் விலை சில பென்ஸுக்கு இறங்கி, கடையைக் கட்டிவிடலாமா என்று பங்குதாரர்கள் கூடி யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. மிஞ்சிய பணத்தையும் போட்டுப் பார்ப்போம் என்று டெய்லர் அவர்களை இணங்கவைத்த பிறகுதான், பிளம்மர் என்ற சுரங்க நிபுணர், பெயர் தெரியாத பழங்காலத்தார் தோண்டிக் கைவிட்டிருந்த குழிகளுக்கு அடியில் போய்ப் பார்த்து, சாம்பியன் ரீப் என்னும் தங்கப்படிவத்தைக் கண்டார். அந்தக் கூட்டத்தில் கைதூக்கியவர்களின் துணிவு இல்லாதிருந்தால், 1902-ல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து இங்கே மின்சாரம் வந்திராது, ரயில் வந்திராது, வட ஆற்காட்டிலும் சேலத்திலும் பண்ணையாட்களாய்க் கிடந்த எங்கள் முன்னோர்கள், ஜாதிக் கொடுமைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரொக்கக் கூலிக்கு வந்திரவும் மாட்டார்கள்.

அதே சமயம், ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியேறிய அந்தத் துளைகளில், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு, பாறையே கொதிக்கும் இடத்துக்கு இறங்கியவர்கள் பங்குதாரர்கள் அல்லர். பாறை வெடித்துச் சரிந்தபோது அகப்பட்டவர்களும், கல்தூளைச் சுவாசித்து நெஞ்சு கல்லாய்ப் போனவர்களும் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்தார்கள். சிலிகோசிஸ் என்ற அந்நோய் இந்தியாவில் முதன்முதலாக ஆராய்ந்து அறியப்பட்டது 1940-களில் இங்கேதான். பங்குதாரனின் நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு, அவன் போட்ட பணத்துக்கு மேல் ஒரு பைசாவும் அவனிடம் கேட்கமுடியாது என்பது கம்பெனிச் சட்டத்தின் அஸ்திவாரம். தொழிலாளியின் நஷ்டத்துக்கு அப்படிப்பட்ட எல்லையை எந்தச் சட்டமும் வகுக்கவில்லை.

இந்த இடத்தில் பகவத்கீதையை எடுத்துக் காட்டுவது நம்மவர்களின் வழக்கம். பலனில் பற்று வைக்காமல் கர்மத்தைச் செய் என்ற உபதேசம், கூலி உயர்வு கேட்டவர்களுக்குப் பலமுறை சொல்லப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். கர்மமே செய்யாமல் பலனில் மட்டும் பற்று வைத்தவர்களுக்கு அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தர்மசாஸ்திரக்காரர்கள் இதைவிடக் கவனமாக இருந்தார்கள் என்றே சொல்லவேண்டும். பதினெட்டு விவகாரங்களில் ஒன்றாகக் கூட்டுத் தொழிலை வைத்த மனுஸ்மிருதி, அதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்வது யாகத்தில் பல ரித்விக்குகள் தட்சிணையைப் பங்கிடும் முறையை. அங்கே பங்கு பெறுகிற ஒவ்வொருவனும் யாகசாலையில் உட்கார்ந்து தன் காரியத்தைச் செய்தவன். கௌடில்யரோ பணம் மட்டும் கொடுப்பவனையும் கணக்கில் எடுத்து, சாதாரணக் கடனுக்கு ஒரு வட்டியும், காட்டுவழி போகும் வணிகனுக்கு அதைவிட அதிகமும், கடலோடிக்கு மாதம் நூற்றுக்கு இருபதும் என்று அபாயத்துக்குத் தகுந்தபடி விகிதம் வகுத்தார். ஆகாயவழி போகிறவனுக்கு அவர் என்ன விகிதம் விதித்திருப்பார் என்று யோசித்துப் பார்ப்பது வேடிக்கையான பொழுதுபோக்குத்தான். ஆயினும் அவர் அளந்தது பணத்துக்கு வரும் அபாயத்தை. பணத்தால் பிறருக்கு வரும் அபாயத்தை அல்ல.

அந்த இரண்டாவது அளவையை நான் தேடிப்போனது தூரதேசத்துக்கு அல்ல, எங்கள் தங்கவயலிலேயே இருக்கும் மாரிக்குப்பத்துக்கு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகைக்கும் அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்துக்கும் தங்கவயல் தொழிலாளர்கள் பெருந்துணையாய் நின்றார்கள்; அவர் காலமான பின்பு, 1926 முதல் சில ஆண்டுகள் ‘தமிழன்’ இங்கிருந்தே மறுபடியும் வெளிவந்தது; சாம்பியன் ரீப்பிலிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. பகலெல்லாம் பூமிக்கடியில் இருந்துவிட்டு இரவில் விளக்கேற்றி வைத்துப் புத்த தர்மம் படித்தவர்களின் வாரிசுகள் நாங்கள் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. இந்தக் கர்வத்தைப் போதிசத்துவர் மன்னிப்பாராக.

புத்தர் சிகாலன் என்ற இல்லறத்தானுக்குச் செய்த உபதேசம் ஒன்று பாலி திரிபிடகத்தின் தீக நிகாயத்தில் இருக்கிறது. சம்பாதித்த பொருளை நான்காகப் பிரித்து, ஒன்றை அனுபவிக்கவும், இரண்டைத் தொழிலில் போடவும், நான்காவதை ஆபத்துக் காலத்துக்கென்று சேமித்து வைக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம். ராஜ்யத்தைத் துறந்து, ஓட்டையெடுத்துப் பிச்சை வாங்கிய ஒருவர், இல்லறத்தானைப் பார்த்து, உன் வருமானத்தில் சரிபாதியை முதலீடு செய் என்று சொன்னதைப் படிக்கும்போது முதலில் திகைப்பாகத்தான் இருக்கிறது. தானத்துக்கு என்று தனியே ஒரு பங்கு காணோமே என்று உரைகாரர்களும் சங்கடப்பட்டு, அனுபவிக்கும் பங்குக்குள்ளேயே அதை அடக்கிச் சமாதானம் சொன்னார்கள். ஆகவே, பணத்தைத் தொழிலில் போடுவதே பாபம் என்று சொல்லுகிறவன் புத்தரிடம் சாட்சி வாங்கமுடியாது. ஆயுதம், உயிருள்ள பிராணிகள், மாமிசம், மது, விஷம் ஆகிய ஐந்தையும் விற்கலாகாது என்று அவர் விலக்கியதை இதனோடு சேர்த்துப் படித்தால், எதில் போடலாம் என்பதற்கு ஒரு வேலியும் கிடைக்கிறது. ராக்கெட் என்ற வஸ்து இந்த வேலியின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. செயற்கைக்கோளைத் தூக்கும் கைக்கு வெடிகுண்டைத் தூக்கத் தெரியாது என்று எந்தக் கம்பெனியும் சத்தியம் செய்யமுடியாது. ஆனால் இந்த ஆட்சேபம் இரும்புக்கும் மின்சாரத்துக்கும் பொருந்தும் என்பதால் இதை நீட்டிக்க நான் விரும்பவில்லை.

என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொரு பௌத்த சித்தாந்தம். செயல் என்பது மனத்தின் எண்ணமே என்றும், ஒவ்வொருவனும் தன் செயலுக்குத் தானே வாரிசு என்றும் அது சொல்லுகிறது. நிலத்துக்கு வாரிசு உண்டு, அவன் அதை விற்றுவிடலாம். வினையின் வாரிசுக்கு விற்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. பங்கு என்ற ஏற்பாட்டின் முழுச் சௌகரியமும் அது எந்நேரமும் விற்கக்கூடியது என்பதில் இருக்கிறது. இன்று காலை சாம்பியன் ரீப்பின் உடைமையாளனாய் இருந்தவன், மாலைக்குள் இலங்கைத் தேயிலையின் உடைமையாளனாய் மாறலாம். அவன் உடைமையாளனாய் இருந்த அந்தக் காலையில் சுரங்கத்துக்குள் நடந்தது யாருடைய கணக்கில் எழுதப்படும்? சமணர்கள் செய்ததும் செய்வித்ததும் செய்ததற்கு உடன்பட்டதும் வினையே என்று மூன்றாகப் பிரித்தார்கள். பங்குதாரன் செய்தவன் அல்லன். செய்வித்தவன் என்று சொல்லவும் அவனுக்கு அதிகாரம் போதாது. உடன்பட்டவன் என்ற மூன்றாம் வகுப்பில் அவனை உட்காரவைப்பதற்கு ஒரே ஒரு தடை, என்ன நடந்தது என்றே தனக்குத் தெரியாது என்று அவன் சொல்லுவான், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

இந்தத் தெரியாமைதான் என் அபிப்பிராயத்தில் விஷயத்தின் மூலம். பங்குதாரனைப் பேராசைக்காரன் என்று திட்டுவது சுலபம். ஆனால் பௌத்தம் ஆசைக்கும் முன்னால், பன்னிரண்டு சார்புகளின் தலைப்பில், அவித்தை என்னும் அறியாமையை வைத்தது. கூட்டுப்பங்கு ஸ்தாபனம் என்பது மூலதனத்தைத் திரட்டுவதற்கு மனிதன் கண்டுபிடித்த உபாயங்களில் மிகச் சிறந்தது என்பதில் சந்தேகமில்லை. கூடவே, அறியாமையை நிரபராதமாக வைத்துக்கொள்வதற்கு அவன் கண்ட உபாயங்களிலும் அதுவே சிறந்தது. 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மாரிக்குப்பம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமலே டிவிடெண்ட் வாங்கியவர்கள் கெட்டவர்களாய் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போனவர்களாகவும் இருந்திருக்கலாம்.

ஆகாய வியாபாரத்தில் இந்த அறியாமைக்கு இடம் இன்னும் விசாலம். மோட்டரோலாவின் முயற்சியில் பிறந்த இரிடியம் என்ற கம்பெனி, ஏறத்தாழ ஐந்நூறு கோடி டாலரைச் செலவிட்டு அறுபத்தாறு செயற்கைக்கோள்களின் வலையைப் பூமியைச் சுற்றிப் பின்னிவிட்டு, 1999-ல் திவாலாயிற்று. வேறு சிலர் அதைச் சுமார் இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கினார்கள்; அது இன்றுவரை நடந்துவருகிறது. நடுக்கடலில் திசைதெரியாமல் தவிக்கும் மாலுமிக்கு அந்த வலை உதவுகிறது. முதலில் பணம் போட்டவர்கள் எல்லாம் இழந்தார்கள். அவர்கள் மாலுமியைக் காப்பாற்றும் உத்தேசத்தோடு பணம் போட்டவர்கள் அல்லர் என்பதால், எண்ணமே செயல் என்ற கணக்கில் அவர்களுக்குப் புண்ணியமும் வராது போலும்! அதோடு முடியவில்லை. அவர்கள் பணத்தில் 1997-ல் ஏறிய செயற்கைக்கோள் ஒன்று, 2009 பிப்ரவரி 10-ஆம் தேதி செயலிழந்துபோன ஒரு ரஷ்யச் செயற்கைக்கோளோடு மோதித் தூளாயிற்று. அந்தத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் இன்னமும் சுற்றிக்கொண்டு, மற்றவர்களின் பாதையை வழிமறிக்கின்றன. பங்கை இழந்து பத்தாண்டு கழிந்த பிறகும் அவர்கள் ஏற்றிய பொருள் ஆகாயத்தில் இருந்தது.

எங்கள் ஊருக்கு இது புதிய கதை அல்ல. கம்பெனிகளை 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஏற்பட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைட் மேடுகள் மட்டும், மூன்று கோடி டன்னுக்கு மேல், காற்றடிக்கும் நாளில் வீட்டுக்குள் தூளாய் வந்துகொண்டு, அப்படியே நிற்கின்றன. அந்த மேடுகளிலும் மிச்சத் தங்கம் இருக்கிறதாம். அதை எடுக்க 2024-ல் கர்நாடக அரசு இணக்கம் தெரிவித்தது. அதே 2024-ல், அதே பிப்ரவரி 28-ஆம் தேதி, தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு அஸ்திவாரம் நாட்டினார்கள். தேதிப் பொருத்தம் பார்த்துப் பலன் சொல்லுகிற ஜோஸியன் அல்லன் நான். ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போகவேண்டியிருக்கிறது, சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே பலமெல்லாம் போய்விடுகிறது. குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே தென்கடல்மேல் போகலாம். முத்தாரம்மனின் தசராவுக்கு வேஷம் கட்டி லட்சக்கணக்கானோர் கூடும் அந்தக் கரையில், ஏவும் நாட்களில் கடலின் ஒரு பரப்பை மூடியாகவேண்டும். அன்றைக்கு வலைவீசப் போகாத மீனவனின் ஒருநாள் கூலி, பங்குப் பத்திரம் இல்லாத ஒரு முதலீடு. 1960-களின் தொடக்கத்தில் தும்பாவில் பிஷப் பெரேரா தம் சபையாரைக் கேட்டு மேரி மகதலேனா தேவாலயத்தையே ராக்கெட் நிலையத்துக்கு ஒப்புக்கொடுத்ததும் அத்தகைய முதலீடுதான். அவர்கள் கேட்டு, அறிந்து, இசைந்து கொடுத்தார்கள் என்பது பெரிய வித்தியாசம்.

நாட்டு மக்கள் எல்லோரும் அறியாமலே போட்டிருக்கும் ஒரு முதலீடும் உண்டு. 1967-ன் விண்வெளி ஒப்பந்தப்படி, தனியார் வானத்தில் செய்யும் காரியங்களுக்கும் அவரவர் தேசமே பொறுப்பு. 1972-ன் நஷ்டஈட்டு ஒப்பந்தப்படி, ஏவிய பொருள் பூமியில் விழுந்து சேதம் விளைத்தால் ஏவிய தேசம் குற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஈடு செய்தாகவேண்டும். 1978-ல் சோவியத் செயற்கைக்கோள் ஒன்று அணுப்பொருளோடு கானடாவில் விழுந்ததற்குச் சோவியத் அரசு முப்பது லட்சம் கானடா டாலர் கொடுத்தது. பங்குதாரனின் நஷ்டத்துக்கு எல்லை வகுத்த உலகம், தேசத்தின் நஷ்டத்துக்கு எல்லை வகுக்கவில்லை.

ஆனால் கணக்கில் வராத பலனும் இருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சமானவன் ஆவேன். 1965-ல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகளும் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், பூமியின் மேற்பரப்புக்குச் சுமார் 2,300 மீட்டர் கீழே, காஸ்மிக் கதிர்களால் வாயுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். உலகத்திலேயே இதை முதலில் பதிவு செய்தவர்களில் அவர்களும் அடங்குவர். ஆகாயத்தின் ரகசியத்தை அறிய, பொன்னுக்காகத் தோண்டிய குழி உதவிற்று. டெய்லரின் பேச்சைக் கேட்டுக் கைதூக்கிய எந்தப் பங்குதாரனும் அதை உத்தேசித்திருக்க முடியாது.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன விடை என்ன? வாங்கு என்றேன். புத்தர் தொழிலுக்கென்று ஒதுக்கிய இரண்டு பங்கிலிருந்து வாங்கு, நான்காவதைத் தொடாதே. வாங்கியபின் அறிந்துகொண்டே இரு என்றேன். அறிதல் என்பதை உபதேசமாக விட்டுவிடாமல், அதற்கு ஒரு கருவி அவன் கையில் இருப்பதையும் காட்டினேன். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவனும் வருஷாந்தரப் பொதுக்கூட்டத்துக்குப் போகலாம், கேள்வி கேட்கலாம். புத்தர் இல்லறத்தானுக்குச் சொன்ன நான்காவது பங்கு கம்பெனிக்கும் உண்டு என்பது என் பிடிவாதம். தங்கவயலை மூடியபோது அந்த நான்காவது பங்கு எங்கேயும் இல்லை. பாக்கிப் பணத்துக்காகத் தொழிலாளர்கள் கோர்ட்டுப் படியேறினார்கள், மேட்டுமண்ணுக்கு யார் பொறுப்பு என்று கேட்க எதிரில் யாருமே இல்லை. வானத்திலும் அந்தப் பங்கை அளந்து பார்க்கலாம்: ஆயுள் முடிந்த செயற்கைக்கோளைக் கீழே இறக்கி வாயுமண்டலத்தில் எரித்துவிடுவதற்கு அதனுள்ளேயே எரிபொருள் மிச்சம் வைக்கவேண்டும், அந்த எரிபொருளின் எடை அளவுக்குச் சம்பாத்தியம் குறையும். 2030-க்குள் தன் நாட்டவர் அனுப்புவது எதுவும் குப்பையாய் வானத்தில் மிஞ்சக்கூடாது என்று இஸ்ரோ 2024-ல் ஒரு லட்சியம் அறிவித்திருக்கிறது. அந்த எரிபொருளை வைத்திருக்கிறீர்களா, கம்பெனியே திவாலானால் அதை இறக்கும் செலவுக்குரிய பணம் தனியாக இருக்கிறதா, ஏவும் நாளில் கரையில் நிற்பவனுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று மூன்று கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். இதையெல்லாம் கேட்டால் பங்கு விலை இறங்கிவிடாதா என்றான். கொஞ்சம் இறங்கலாம் என்றேன்.